கேரவனும் கப்பலும் ஒரு வழி டிக்கெட்டும்

கொஞ்ச நாளா ஆபீசில் ஆணி அதிகம். அதனால் இந்தப் பக்கம் தலை காட்ட முடியவில்லை. ஆணி குறைந்ததும் முதலில் செய்த காரியம், அடுத்த லீவுக்கு எங்கே போவது என்று குடும்பத்தோடு சண்டை போட்டதுதான் :-)

டெல்லிவாசிகளுக்கு லீவு என்றால் சிம்லா, மனாலி, நைனிடால். மலையையே பார்த்துப் பார்த்து பத்து வயசு மகளுக்கு அலுத்துவிட்டது. எங்கேயோ டிவியில் பார்த்துவிட்டு, "அப்பா, படுக்கை, அடுப்பு எல்லாம் இருக்கிற வண்டில ஒரு தீவுக்குப் போலாம். வண்டியோட கப்பல்ல ஏறணும்" என்றாள். கேரவன் என்று தங்கமணி எடுத்துக் கொடுத்தார். நமக்குத் தெரிந்த கேரவன், ஷூட்டிங்கில் ஹீரோ உட்கார்ந்து ஏசி வாங்குவதுதான். விசாரித்தால், இப்போது குடும்பங்களுக்கும் வாடகைக்குக் கிடைக்கிறதாம். கேரளாவில் 2021இல் இதற்காகவே ஒரு சுற்றுலாத் திட்டம்கூட அறிவித்தார்கள்.

சரி, கப்பலில் போகிற தீவு எது? மேப்பை விரித்தேன். டெல்லியிலிருந்து ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஐதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை என்று விரலை நகர்த்தினால் எங்கள் ஊர் மானாமதுரை. அப்புறம் ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி. அங்கே ரோடு முடிகிறது. முப்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, தலைமன்னாரில் இன்னொரு ரோடு ஆரம்பிக்கிறது. இரண்டு நாட்டிலும் வண்டி ஓட்டுவது இடது பக்கம்தான். நடுவே கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதானே!

"இலங்கைக்கே போயிடலாம்" என்று சத்தமாகச் சொன்னேன். கூடலூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அத்தை (தங்கமணியின் அம்மா) கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் நான் தேடிப் படித்ததும், கடைசியில் அத்தை சொன்னதும்தான் இந்தப் பதிவு.

கேரவன் என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். அது பாரசீகச் சொல். கூட்டமாகப் பயணம் போகும் வணிகர்களைக் குறித்தது. அவர்கள் இரவில் தங்குமிடம் சராய். டெல்லியில் தடுக்கி விழுந்தால் ஒரு சராய்தான்: சராய் காலே கான், யூசுப் சராய், காலு சராய், பேர் சராய். தினமும் மெட்ரோவில் தாண்டிப் போகும் பெயர்கள், எல்லாம் பழைய வழிப்போக்கர் விடுதிகள். டெல்லி மிருகக்காட்சி சாலைக்குள் ஒரு கோஸ் மினார் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். அது அந்தக் காலத்து மைல்கல்.

நம்ம பக்கம் சராய்க்குப் பதில் சத்திரம். காசியிலிருந்து ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழி நெடுகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் சரபோஜி 1802இல் நிறுவிய முக்தாம்பாள் சத்திரம் அதில் பேர் பெற்றது. தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் வரும் ஊரின் பெயரே முகுந்தராயர் சத்திரம். அந்தக் காலத்தில் ராமேஸ்வரமே படகேறிப் போக வேண்டிய தீவுதான். ஆக, மாட்டு வண்டியில் அடுப்பும் பாயும் கட்டிக்கொண்டு வந்து, மண்டபத்தில் படகேறித் தீவுக்குப் போன நம் முன்னோர்கள், என் மகள் கேட்டதை எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள்!

இனி கப்பல். இங்கே ஒரு சின்ன கொசுவத்தி. எங்கள் தாத்தா ரயிலைப் பார்த்தே மணி சொல்வார். "போட் மெயில் போயாச்சு, படுங்கடா" என்பார். நாங்கள் பார்த்தது ராமேஸ்வரத்தோடு நின்றுவிடும் ரயிலை. அவர் இளமையில் பார்த்தது கொழும்புக்குப் போகும் ரயிலை.

முதலில் போட் மெயில் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போனது. அங்கிருந்து ராத்திரி முழுக்கக் கப்பலில் போனால் கொழும்பு. 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் வழி மாறியது. 145 கண்கள், கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிளந்து தூக்கிக்கொள்ளும் தூக்குப் பாலம். ரயில் நேராகத் தனுஷ்கோடி துறைக்கே போனது. அங்கே காத்திருந்த நீராவிக் கப்பல்களின் பெயர்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். மூன்றும் வைஸ்ராய்கள். பிற்பாடு வந்தவை இர்வின், கோஷன். அதில் ஒருவர் வைஸ்ராய், இன்னொருவர் மெட்ராஸ் கவர்னர்.

எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் போதும். ராத்திரி ரயிலேறி, மறுநாள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைமன்னார். அங்கே கப்பல் துறையிலேயே நிற்கும் இலங்கை ரயிலில் படுத்தால், விடிந்ததும் கொழும்பு கோட்டை ஸ்டேஷன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்க அலைய வேண்டியதில்லை. இன்றைக்கு நான் கம்ப்யூட்டரில் பத்து ஜன்னல் திறந்து வைத்துக்கொண்டு போடுகிற திட்டத்தை, அன்றைக்கு ஒரு புக்கிங் கிளார்க் ஒரு அட்டைத் துண்டில் முடித்திருக்கிறார்.

வண்டியோடு போவது மட்டும் அன்றைக்கும் சுலபமில்லை. காரணம் கடல் இல்லை, பாம்பன். ராமேஸ்வரத்துக்கு ரோடே கிடையாது. இப்போது நாம் காரை ஓரமாக நிறுத்தி செல்பி எடுக்கிற இந்திரா காந்தி சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2இல்தான். அதுவரை எந்தக் கார் தீவுக்குள் போக வேண்டுமென்றாலும் ரயில் வேகனில் ஏறியோ படகில் ஏறியோதான் போயாக வேண்டும். விதியைப் பாருங்கள். தீவுக்குள் வண்டி போக ரோடு வந்த 1988இல், தீவிலிருந்து அந்தப் பக்கம் போகக் கப்பல் இல்லை. கப்பல் நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது.

இதுவரை படித்ததை ராத்திரி சாப்பாட்டின்போது உற்சாகமாகச் சொன்னேன். முதல் வகுப்பு, நீராவிக் கப்பல், ஒரே டிக்கெட்... அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மண்டபம் கேம்ப்பு பத்தி அதுல எதுவும் போடலியா மாப்ள?"

போட்டிருக்கிறார்கள். நான்தான் தாண்டிப் போய்விட்டேன்.

போட் மெயில் கவர்னர்களுக்காகவும் டூரிஸ்டுகளுக்காகவும் மட்டும் ஓடவில்லை. அந்தப் பாதையின் பெருங்கூட்டம், தோட்ட வேலைக்குப் போன நம் ஜனங்கள். 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணியின் பின்னால் நடந்தே கடற்கரைக்கு வந்து, தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தவர்கள் அவர்கள். முதலில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கையில் தகர டிக்கெட் ஒன்று கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டிய ஆள் என்று எண் பொறித்த தகர வில்லை. அதில் ஆளுடைய பெயர் இருக்காது.

மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாம் இருந்தது. தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே சில நாட்கள் அடைத்து வைத்து, நோய் இருக்கிறதா என்று பரிசோதித்த பிறகே கப்பலேற்றினார்கள். மேல் வகுப்புப் பயணிக்கு இந்த அடைப்பு இல்லை. கப்பல் ஒன்றுதான், கடலும் ஒன்றுதான். ஒருவருக்கு அட்டை டிக்கெட், இன்னொருவருக்குத் தகர டிக்கெட். அந்த முகாமின் பெயரில் 'மண்டபம் கேம்ப்' என்று ஒரு ரயில்வே ஸ்டேஷன் இன்றும் இருக்கிறது. ராமேஸ்வரம் போகும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என்ன கேம்ப் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

இந்த வழியை மூடியது யார் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது புயல். பாதிதான் உண்மை. புயலுக்கு முன்பே காகிதங்கள் மூட ஆரம்பித்துவிட்டன. 1939இல் கூலி வேலைக்கு ஆட்கள் இலங்கை போவதை இந்திய அரசு தடை செய்தது. 1948இல் சுதந்திர இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், மூன்று தலைமுறையாகத் தேயிலை கிள்ளிய லட்சக்கணக்கானவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. இந்தியாவும் அவர்களைத் தன் மக்கள் என்று ஏற்கவில்லை.

அப்புறம் 1964 அக்டோபர் 30. இடம் நம்ம டெல்லி. லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று ஒரு கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். (1974இல் பேசினார்கள். ஆளுக்குப் பாதி, 75,000.) பத்து லட்சம் பேரின் வாழ்க்கையைச் சம்பந்தப்பட்டவர்களின் தலைவர்களைக் கேட்காமலே பங்கு பிரித்தார்கள். ராஜபாட்டை வழியாக ஆபீஸ் போய் வந்த காலத்தில் குடியரசு தின அணிவகுப்பு, இந்தியா கேட், ஐஸ்கிரீம் எல்லாம் ஞாபகம் வரும். இந்த ஊரில்தான் என் மாமியார் குடும்பத்தைப் பங்கு போட்டார்கள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

கையெழுத்தாகி எட்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 நள்ளிரவு, புயல். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் பயணிகளோடு விழுங்கியது. தனுஷ்கோடி ஊரே போனது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கண்கள் விழுந்தன. பிற்பாடு நம்ம டெல்லி மெட்ரோவை உருவாக்கிய அதே ஸ்ரீதரன், அப்போது இளம் எஞ்சினியர், 46 நாளில் பாலத்தைச் சரிசெய்து காட்டினார். தனுஷ்கோடித் துறையை மட்டும் யாரும் திரும்பக் கட்டவில்லை. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு மாறியது.

மாறிய அந்தக் கப்பலின் முக்கியமான வேலை, ஒப்பந்தத்தில் இந்தியாவின் பங்குக்கு விழுந்தவர்களைக் கொண்டுவந்து இறக்குவதாக ஆனது. கண்டியில் இந்திய பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு, மலைநாட்டு ஸ்டேஷன்களில் ரயிலேறுவார்கள். இலங்கையில் ரயிலைக் கோச்சி என்பார்கள். வழியனுப்ப வந்தவர்கள் பிளாட்பாரத்தில் விழுந்து கதறியதால் அந்த ரயிலுக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்துவிட்டது. தலைமன்னார், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். தாத்தா பாட்டியைச் சோதித்து அனுப்பிய அதே முகாமில் பேரன் பேத்திகள் வந்து இறங்கினார்கள். பிறகு அங்கங்கே பிரித்து அனுப்பினார்கள். நீலகிரியில் இவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைய டான்டீ. ஒப்பந்தப்படி வந்தவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல்.

அவர்களில் ஒருவர் எங்கள் அத்தை. 1975, ஒன்பது வயது. ஊர் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். கல்யாணமாகி பதினைந்து வருஷத்தில் அவர் இதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. அன்றைக்கு ராத்திரி பேசினார்.

"கப்பலு பேரு ராமானுஜம். பெரிய தூரமெல்லாம் இல்ல மாப்ள. ஏறி உக்காந்தோம், கொஞ்ச நேரத்துல எறங்கச் சொல்லிட்டாங்க. எங்கம்மா அழுது முடிக்கக்கூட இல்ல. எங்க அக்கா அங்கயே நின்னுருச்சு. அதுக்கு அப்பதான் கல்யாணமாயிருந்துச்சு. மாமா வீட்டுல சிலோன் பிரஜைக்கு எழுதிக் குடுத்திருந்தாங்க. நாங்க இந்தியாவுக்கு எழுதியிருந்தோம். அம்மா சொல்லிச்சு, வருசத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போலாம், இந்தா இருக்குற கடல்தானன்னு."

முதலில் கூடலூரில் பஸ்ஸுக்கே காசில்லை. காசு வந்தபோது 1983 வந்துவிட்டது. 1984இல் கப்பல் நின்றது. அந்தப் பக்கம் தலைமன்னார் ரயில் பாதை 1990இல் போரில் அழிந்தது. கப்பல் போகாத அந்தக் கடலில் படகுகள் மட்டும் வந்தன, அகதிகளோடு. மண்டபம் முகாம் மூன்றாவது தடவையாக நிரம்பியது. அத்தையின் அம்மா மூத்த மகளைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா இருக்கிறார், எண்பதை நெருங்குகிறார். வாட்ஸப்பில் இரண்டு பேரும் பேசுகிறார்கள். ஐம்பது வருஷமாக நேரில் பார்க்கவில்லை.

"பிளைட்டுல போயிருக்கலாமே அத்தை?" என்று கேட்டேன். டெல்லிக்கே பிளைட்டில்தானே வந்தார்.

"போலாந்தான். யாரு மாப்ள கூட்டிட்டுப் போனா?"

தங்கமணி என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு நான் சாதத்தை மட்டுமே பார்த்துச் சாப்பிட்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்த நிஜமான பிளானிங்கின் நிலவரம் இதோ. உங்களில் யாருக்காவது உதவும்.

முதலில் கேரவன். தனுஷ்கோடி வரை தாராளமாகப் போகலாம். 1964இல் அழிந்த ரோட்டுக்குப் பதிலாக 2017இல் அரிச்சல்முனை வரை புது ரோடு திறந்தார்கள். ரயிலுக்குப் புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறந்தது. 1914ஆம் வருஷத்துப் பாலம் பிளந்து தூக்கும், புதுப் பாலத்தில் நடுப்பகுதி லிப்ட் மாதிரி நேராக மேலே போகும். மகளுக்கு இது பிடிக்கும். அந்தப் பக்கம் தலைமன்னார் ரயில் பாதையையும் 2015இல் திரும்ப ஓடவிட்டார்கள். ஆக, இரண்டு கரையிலும் எல்லாம் தயார். நடுவில் கப்பல்தான் இல்லை. ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பலை மறுபடி விடுவது பற்றி 2024 டிசம்பரில் இரு நாடுகளின் கூட்டறிக்கையில் ஒரு வரி வந்தது.

வண்டியைக் கப்பலில் ஏற்றுகிற ஆசைக்கு மிக அருகில் வந்தது 2011இல். அந்த ஜூனில் தூத்துக்குடி – கொழும்பு ஓட ஆரம்பித்த ஸ்கோஷியா பிரின்ஸ், அதற்கு முன் இருபது வருஷத்துக்கும் மேலாக அமெரிக்காவின் போர்ட்லண்டுக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கும் நடுவே கார்களையும் லீவுக்குப் போகும் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு ஓடிய கப்பல். என் மகள் டிவியில் பார்த்த அதே ஜாதி. இங்கே அதே நவம்பரில் நின்றுவிட்டது. இன்றைக்கு நம் வண்டியை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக, 'விற்காமல் திரும்பக் கொண்டு வந்துவிடுவேன்' என்று உறுதி சொல்லும் கார்னே என்ற சுங்கப் பத்திரம் வேறு வேண்டும். மனிதர்களைத் திருப்பி அனுப்ப ஒப்பந்தம், வண்டியைத் திருப்பிக் கொண்டுவர ஜாமீன். நல்ல உலகம்!

நடக்கக்கூடியது நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல். 2023 அக்டோபர் 14இல் செரியபாணி என்ற கப்பலோடு தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்ட் 16இல் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி ஆரம்பித்தது. சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். ஆட்கள் மட்டும்தான், வண்டி கிடையாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எனவே ஐப்பசி, கார்த்திகையை விட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். கிளம்புவதற்கு முன் ஓடுகிறதா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் திட்டம் இப்படி. மதுரை வரை ரயில். அங்கிருந்து கேரவன். மானாமதுரையில் ஒரு நாள், அரிச்சல்முனையில் மகளுக்காக ஒரு காலை. நாகப்பட்டினத்தில் கேரவனை விட்டுவிட்டுக் கப்பல். காங்கேசன்துறையில் வாடகை வண்டி, யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 சாலையில் கண்டி, பிறகு ஹட்டன். மண்டபம் கேம்ப்பில் வண்டியை நிறுத்த வேண்டுமா என்று அத்தையைக் கேட்டேன். "வேணாம், தாண்டிப் போயிருங்க" என்றார்.

போன வாரம் அத்தைக்குப் பாஸ்போர்ட் வந்தது. கண்டியில் எடுத்த அவருடைய அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டில், பிள்ளைகளில் ஒருத்தியாக ஒரு வரியில் இருந்தவர். தனியாக ஒரு பாஸ்போர்ட் இப்போதுதான் முதல் தடவை. தன் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, டிக்கெட்டு எடுக்கறப்ப போக மட்டும் எடுத்துராதீங்க. திரும்பி வரவும் சேத்தே எடுத்துருங்க."

ரெண்டுமே சேர்த்துத்தான் எடுப்பேன் அத்தை என்று சொல்லியிருக்கிறேன். பொங்கல் கழித்துக் கிளம்புகிறோம். போய் வந்து எழுதுகிறேன்.